மூலைக்கடை மருதம்மாள்

முதலில் அரைக் கோப்பைதான். கோப்பையைச் சாய்த்துப் பிடித்து, உட்பக்கத்தோடு ஒட்டினாற்போலக் கறுப்பு ஸ்டவுட் பீரை மெதுவாக இறக்குகிறார். நுரை விளிம்புவரை எழும்பியதும் புட்டியை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொள்கிறார். நுரை அடங்கும்வரை எதையும் தொடுவதில்லை.

"நொரைய குடிச்சா காத்துதான் வயித்துக்குள்ள போவும். காத்து குடிக்கவா நான் பஸ் ஏறி வர்றேன்?"

நுரை பாதிக்கு இறங்கிய பிறகு மீதியை ஊற்றுகிறார். காலணிகளை மேசைக்கடியில் கழற்றிவிட்டு, பாதங்களைக் குளிர்ந்த சிமெண்டுத் தரையில் பதிக்கிறார். அதற்கப்புறம்தான் முதல் மிடறு. அதை விழுங்கியதும் உதட்டின் மேல் படிந்த நுரையைக் கைக்குட்டையால் ஒற்றி எடுத்து, மடித்து, பையில் வைக்கிறார். பை பக்கத்து நாற்காலியில் இருக்கிறது. கூட வந்த ஆளைப் போல அதற்கும் ஓர் இருக்கை உண்டு.

மருதம்மாளுக்கு வயது அறுபத்தெட்டு. ஞாயிற்றுக்கிழமைதோறும் பகல் ஒன்றே காலுக்கு, சுங்கைப் பட்டாணியில் பழைய கடைவரிசையின் கோடியில் இருக்கும் மதுக்கடைக்கு வருகிறார். பலகையில் 'பார் அண்ட் ரெஸ்டாரண்ட்' என்பதற்கு முன்னால் ஒரு பெயரும் இருந்திருக்க வேண்டும். எழுத்துகள் உதிர்ந்துவிட்டன. எல்லாருக்கும் அது மூலைக்கடை. இடுப்புக்கும் கழுத்துக்கும் இடையே மட்டும் மறைக்கிற, தள்ளினால் ஆடுகிற இரட்டைக் கதவு. பளிங்குப் பலகை போட்ட பதினொரு மேசைகள். ரசம் போன பெரிய கண்ணாடியில் ஏதோ ஒரு பீர் விளம்பரத்தின் மிச்சம். கரும்பலகையில் அன்றைய கறிகள்: ஆட்டுக்கறி வறுவல், காட்டுப்பன்றிப் பெரட்டல், நண்டு ரசம். கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும், ஞாயிறு வேலைநாள் என்பதால் அரசாங்க உத்தியோகக்காரர்கள் வருவதில்லை. கடை அமைதியாக இருக்கும். அந்த அமைதிக்காகவே அவர் ஞாயிற்றைத் தேர்ந்தெடுத்தார்.

நான் அலோர் ஸ்டாரிலிருந்து வேலையாக மாதத்துக்கு இரண்டு முறை இந்த ஊருக்கு வருகிறேன். மூலைக்கடையில் மதியம் சாப்பிடுவது பழக்கம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் முதன்முதலில் அவரைப் பார்த்தபோது, பார்க்காதது போலப் பார்த்தேன். இப்படிப்பட்ட கடையில் தனியாக உட்கார்ந்திருக்கும் தமிழ்ப் பெண்மணியை அதற்குமுன் நான் கண்டதில்லை. மூன்றாவது தடவை என் கண் அந்தப் பக்கம் போனபோது அவர் தலையைத் தூக்கினார்.

"தம்பி, பாக்குறதுன்னா நேரா பாருங்க லா. கழுத்து சுளுக்கிக்கும்."

அப்படித்தான் பழக்கம் ஆரம்பித்தது.

அவருக்கு ஒரு சின்னப் புட்டிதான் கணக்கு. இரண்டாவது வேண்டுமா என்று கேட்டால், "மொதல்லயே வேல முடிஞ்சிருச்சுல்ல?" என்பார். மகன் சத்தியசீலனைப் பெற்றெடுத்த சமயத்தில் மாமியார் இதையே மூடியில் ஊற்றிக் கொடுத்தாராம். "அப்ப மருந்து. இப்ப சாப்பாடு." தொட்டுக்கொள்ளக் காட்டுப்பன்றிப் பெரட்டல். அதன்மேல் சின்ன எலுமிச்சையை இரண்டாக நறுக்கிப் பிழிவார். காய்ந்த மிளகாய்களைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒன்றையொன்று தொடாதபடி அடுக்குவார். சமையலைப் பற்றி ஒவ்வொரு வாரமும் ஒரு தீர்ப்பு உண்டு. "இன்னைக்கு சோம்பு தூக்கல்." "கறி இன்னும் அஞ்சு நிமிஷம் கெடந்திருக்கணும்." பணியாள் பெர்னார்ட் அதைச் சமையலறைக்குக் கொண்டு போவார். உள்ளேயிருந்து கரண்டி ஒன்று சட்டியில் ஓங்கி விழும் சத்தம் கேட்கும். மருதம்மாள் திருப்தியோடு தலையசைப்பார்.

கடைசியில் சோறு. அதில் மட்டும் அவர் பிடிவாதக்காரர். மற்ற மேசைகளில் பெர்னார்ட் சோற்றுக் கிண்ணத்தையும் குழம்பையும் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். இந்த மேசையில் நின்று பரிமாற வேண்டும். ஒருநாள் கூட்டமாக இருந்தபோது கிண்ணத்தை வைத்துவிட்டுப் போக, பத்து நிமிடம் கழித்து வந்து பார்த்தால் சோறு அப்படியே இருந்தது.

"ஏன்க்கா, போட்டு சாப்பிடலயா?"

"போட்டுக்கத் தெரியாமயா? அம்பது வருஷமா போட்டவதான். நீ போடு, நான் ஒக்காந்திருக்கேன்."

பெர்னார்டுக்கு அறுபத்தொரு வயது. வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை. தவக்காலத்தில் நாற்பது நாளும் கறி தொடமாட்டார், ஆனால் நாற்பது நாளும் தட்டுத் தட்டாகக் கறி சுமப்பார். மருதம்மாளுக்கு அவர்மேல் இருக்கும் மரியாதை, கடையின் முதலாளி ரவிச்சந்திரன்மேல்கூடக் கிடையாது. காரணத்தை ஒரு மழைநாளில் சொன்னார்.

மருதம்மாள் பீடோங்குக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் அய்யாவு என்பவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். இருவரும் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தார்கள். மாதத்தில் ஒருநாள் டவுனுக்கு வருவார்கள். சாமான் வாங்கி முடிந்ததும் அய்யாவு இந்த ஆடும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடுவார். மருதம்மாளும் மகனும் சாமான் பைகளோடு கடை வாசலில் நிற்பார்கள். கடைசி பஸ்ஸுக்குச் சற்று முன்னால்தான் அவர் வெளியே வருவார்.

"அடிப்பாரா?" என்று கேட்டேன்.

"அடிக்கல. அடிச்சிருந்தா சொல்லி அழவாச்சும் ஒரு கத இருந்திருக்கும். வந்து பேசாம படுத்துருவாரு. பேசுனாருன்னா இந்தக் கடயப் பத்திதான். காத்தாடி தலைக்கு மேலயே ஓடுதாம். கண்ணாடி கிளாஸ்ல கொண்டாந்து வைக்கிறானாம். சார்னு கூப்புடுறானாம். தோட்டத்துல எவன் அவர சார்னு கூப்புட்டான்?"

தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்ட பிறகு மருதம்மாள் கையுறைத் தொழிற்சாலைக்குப் போனார். பீங்கானில் செய்த கைகள் சங்கிலியில் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ரப்பர் உறையை உருவி எடுக்க வேண்டும். பதினாறு ஆண்டுகள் அதைச் செய்திருக்கிறார். வலது ஆள்காட்டி விரல் இப்போதும் பாதி மடங்கித்தான் இருக்கிறது. "ஒரு நாளைக்கு எத்தன ஆயிரம் கைய புடிச்சிருப்பேன். ஒரு கையாச்சும் திருப்பிப் புடிச்சுச்சா?" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

அய்யாவு இறந்து மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு எதற்கோ டவுனுக்கு வந்த மருதம்மாள் இந்தக் கதவின் முன் நின்றார். நாற்பது வருடம் அந்த மனிதர் உள்ளே என்னத்தைத்தான் கண்டார் என்று பார்த்துவிட வேண்டும் போல இருந்ததாம். சண்டை போடுகிற எண்ணமும் கொஞ்சம் இருந்திருக்கிறது. கதவைத் தள்ளினார். பெர்னார்ட் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஒக்காருங்கக்கா. என்னா சாப்புடுறீங்க?"

இதைச் சொல்லும்போது மருதம்மாள் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னைக்கு என்னா கறின்னு கேட்டிருக்காங்க தம்பி. அப்பா கேட்டாரு, புருஷன் கேட்டாரு, மகன் கேட்டான். நீ என்னா சாப்புடுறேன்னு யாருமே கேட்டதில்ல. எனக்கு பதிலே வரல. அவரு பாட்டுக்கு நிக்கிறாரு. கடைசியில, இன்னார் வீட்டுக்காரின்னு சொல்லி, அவரு என்னா சாப்புடுவாரோ அதையே குடுங்கன்னேன்."

ஸ்டவுட்டும் காட்டுப்பன்றிப் பெரட்டலும் வந்தன. நாலு வருடம் ஆகிறது.

ஆண்களில் சிலர் அவரைக் கண்டதும் தூரத்து மேசைக்கு நகர்ந்துவிடுவார்கள். சிலர் வணக்கம் சொல்வார்கள். ஒருமுறை ஒருவர் நேராகவே கேட்டார்: "பொம்பளைங்க வர்ற எடமா இது?" மருதம்மாள் மிளகாயை ஓரத்தில் வைத்துவிட்டு, "ரெஸ்டாரண்டுன்னுதான போட்டிருக்கு? ஆம்பளன்னு எங்கயும் போடலயே" என்றார். கேட்டவருக்கும் சேர்த்து பெர்னார்ட் சிரிக்கவேண்டியதாயிற்று.

இப்படியே போய்க்கொண்டிருந்தது. இந்த வருடத் தொடக்கத்தில் யாரோ அவரைக் கைப்பேசியில் படம் பிடித்துவிட்டார்கள். கோப்பை உதட்டில் இருக்கிற படம். எப்படியோ சுற்றி அது குடும்பத்தின் வாட்ஸாப் குழுவுக்கு வந்து சேர்ந்தது. கீழே கண்ணீர் வரச் சிரிக்கும் முகங்கள் நான்கு. மருமகள் காஞ்சனாதான் முதலில் பார்த்தாள். கணவனிடம் காட்டினாள். மருதம்மாள் யாரிடமும் பொய் சொன்னதில்லை. "டவுனுக்கு போயிட்டு வர்றேன்" என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். டவுனில் எங்கே என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு நான் கடையில் இருந்தேன். மருதம்மாள் வழக்கம்போல் வந்து உட்கார்ந்தார். பையை நாற்காலியில் வைத்தார். பெர்னார்ட் வரத் தாமதமாயிற்று. வந்தபோது தோளில் கிடந்த துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, இன்னைக்கு ஸ்டவுட்டு இல்லக்கா."

அவருக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு போட்ட குளிர்பெட்டியில் கறுப்புப் புட்டிகள் மூன்று அடுக்கு நிறைய நின்றன. மருதம்மாள் அதைப் பார்த்தார். பிறகு பெர்னார்டின் முகத்தைப் பார்த்தார்.

"பெர்னாட்டு, ஒனக்குப் பொய் வராது. யாரு சொல்லச் சொன்னா?"

பெர்னார்ட் பணமேசைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். முதலாளி ரவிச்சந்திரன் எழுந்து நின்றிருந்தார். அவரே சொன்னார்: "அம்மா, தப்பா நெனைக்காதீங்க. புதன்கிழம ஒங்க மகன் வந்தாரு. இனிமே எங்கம்மாவுக்கு எதுவும் குடுக்காதீங்கன்னு கேட்டுக்கிட்டாரு. கோவமா இல்ல, கும்புட்டுக் கேட்டாரு. நான் என்னா செய்வேன்?"

"இங்கயா வந்தான்? உள்ளயா?"

"இல்லம்மா. வாசல்ல நின்னு கூப்புட்டாரு. நான்தான் வெளிய போனேன்."

மருதம்மாள் வாசல் பக்கம் பார்த்தார். மேலே மின்விசிறி டக் டக்கென்று சுற்றிக்கொண்டிருந்தது. அவர் கோபப்பட்டு எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் பையைத் திறந்து சின்னக் கைப்பேசியை எடுத்து, பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தினார்.

"சீலா, அம்மா பேசுறேன். மூலைக்கடையில இருக்கேன். ஆமா, அங்கதான். வந்து கூட்டிட்டுப் போ."

அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பெர்னார்ட் ஒரு கோப்பைத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவர் அதைத் தொடவில்லை. கதவுக்குக் கீழே ஒரு ஜோடிக் காலணிகள் வந்து நின்றன. கதவுக்கு மேலே கண்ணாடி போட்ட, முன்தலை நரைத்த ஒரு முகம். சத்தியசீலனுக்கு நாற்பத்தாறு வயதிருக்கும். கூலிமில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறவர். தனியார் தொழிற்சாலை என்பதால் அங்கே ஞாயிறு விடுமுறை.

"அம்மா, வா. போவலாம்."

"உள்ள வாடா."

"வேணாம்மா. எந்திரிச்சு வா."

"கால் நீட்டி ஒக்காந்துட்டேன். நீ வா."

அவர் கதவின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். யாரையும் பார்க்காமல் நேராக மேசைக்கு வந்தார். உட்காரவில்லை.

"நாலு பேர் சிரிக்கிறாங்கன்னு வந்தேன்னு நெனைக்கிறியாம்மா?" குரலை அடக்கித்தான் பேசினார். ஆனால் அடுத்த மேசையில் இருந்த எனக்குக் கேட்டது. "சிரிக்கட்டும். எனக்கு அது இல்ல. நீ போயி ஒக்கார ஒலகத்துல வேற எடமே கெடைக்கலயா? இந்த வாசல்ல நான் நின்னது ஒனக்கு மறந்துபோச்சா?"

"மறக்கல."

"ஏழு வயசும்மா. எத்தன மணி நேரம்! அடக்க முடியாம போட்டிருந்த சிலுவாருலயே ஒண்ணுக்குப் போயிட்டேன். எதுத்த துணிக்கடயில எல்லாரும் பாத்து சிரிச்சாங்க. இன்னும் இந்த ரோட்டுல காடி ஓட்டிட்டு வந்தா சுத்திக்கிட்டுதான் போவேன்."

"சாமான் பையில புதுத்துண்டு இருந்துச்சு. அத ஒன் இடுப்புல சுத்தி விட்டேன். செவப்புக் கட்டம் போட்டது." மருதம்மாள் மகனை நிமிர்ந்து பார்த்தார். "நீ நின்னே. நானும்தான் நின்னேன். உள்ள அப்படி என்னதான் இருக்குன்னு தெரியாமலே நின்னேன். அதான் வந்து பாத்தேன். பாத்தா ஒண்ணுமே இல்லடா. ஒரு காத்தாடி, ஒரு நாக்காலி, என்னா சாப்புடுறேன்னு கேக்க ஒரு ஆளு. அவ்ளோதான். அத எனக்கு யாரும் குடுக்கல. நானா வந்து எடுத்துக்கிட்டேன்."

"எனக்கு இந்தக் கட வேணவே வேணாம்மா. எத்தன வருஷம் ஆனாலும் வேணாம்."

"ஒனக்கு வேணாம். சரி." பாதி மடங்கிய விரலால் மேசையின் பளிங்கை ஒருமுறை தேய்த்தார். "ஒரு நாளாச்சும் ஒன்ன தூக்கிக்கிட்டு நான் பாட்டுக்கு பஸ் ஏறிப் போயிருக்கணும். அவரு வந்தா வரட்டும், வராட்டி போவட்டும்னு. ஏறல. பயம். அது ஒங்கப்பா தப்பு இல்ல, என் தப்பு. இத்தன நாளா ஒங்கிட்ட சொல்லல. இப்ப சொல்றேன்."

சத்தியசீலன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். மறுபடி போடாமல் கையிலேயே வைத்திருந்தார். கடையில் இருந்த நாலைந்து பேரும் எங்கள் தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த நேரத்தில்தான் பெர்னார்ட் வந்தார். முப்பது வருடப் பழக்கம் அவரைத் தள்ளிக்கொண்டு வந்ததா, வேண்டுமென்றேதான் வந்தாரா, தெரியவில்லை. மருதம்மாளுக்கு எதிர்ப்பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஒக்காருங்க தம்பி. என்னா சாப்புடுறீங்க?"

சத்தியசீலன் அவரை ஏறிட்டுப் பார்த்தார். கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஒண்ணும் வேணாண்ணே. தண்ணி போதும்."

உட்கார்ந்தார். நாற்காலியின் நுனியில், சாவிக்கொத்தைக் கையில் பிடித்தபடி. தண்ணீரை முழுக்கக் குடித்தார். பிறகு அவர் எழுந்து, "எவ்ளோ நேரம் ஆவும்?" என்று கேட்டார்.

"சோறு தின்னு முடியிற வரைக்கும்."

"தின்னு. நான் காடியில இருக்கேன்."

போகும் வழியில் பணமேசையருகே நின்று ரவிச்சந்திரனிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. கதவு ஆடி நின்றதும் ரவிச்சந்திரன் எழுந்தார். குளிர்பெட்டியைத் திறந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்து, அதன்மேல் படிந்த ஈரத்தைத் துடைத்து, தானே கொண்டுவந்து மேசையில் வைத்தார். மருதம்மாள் அன்று நுரை முழுக்க அடங்கிய பிறகும் வெகுநேரம் கோப்பையைத் தொடவில்லை. சோற்றைப் பெர்னார்ட் போட்டார். தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

அதன்பிறகு அவர் பஸ்ஸில் வருவதில்லை. ஒன்றே காலுக்கு மகனுடைய சாம்பல்நிறக் கார் எதிர்ப்புறம், பழைய துணிக்கடையாக இருந்து இப்போது கைப்பேசி விற்கும் கடைக்கு முன்னால் இருக்கும் மரநிழலில் வந்து நிற்கிறது. அம்மா இறங்கிச் சாலையைக் கடக்கும்வரை மகன் பார்த்துக்கொண்டிருக்கிறார். உள்ளே வருவதில்லை. இருக்கையைச் சாய்த்துக்கொண்டு கைப்பேசியில் ஏதாவது பார்த்தபடி காத்திருக்கிறார். ஒருமுறை நான் மருதம்மாளிடம் கேட்டேன், அவரும் உள்ளே வந்து ஒருவாய் சாப்பிடலாமே என்று.

"வரமாட்டான். வரவும் வேணாம். அவன் நின்னது அவனுக்குத்தான தெரியும்." சொல்லிவிட்டு மிளகாயைப் பொறுக்க ஆரம்பித்தார். கொஞ்சம் கழித்து, "நேத்து காஞ்சனா கேட்டுச்சு தம்பி, மாமி ராத்திரிக்கு ஒங்களுக்கு என்னா வேணும்னு. நான் என்னா சொன்னேன் தெரியுமா? யோசிச்சு சொல்றேன்னு சொல்லிட்டேன்" என்றார். வெகுநேரம் அந்த மகிழ்ச்சி முகத்தில் இருந்தது.

போன ஞாயிறு நானும் அவரும் ஒரே நேரத்தில் வெளியே வந்தோம். வெயில் சுள்ளென்று அடித்தது. அவர் மெதுவாகச் சாலையைக் கடந்து, காரின் முன்கதவைத் திறந்து ஏறினார். பாதுகாப்புப் பட்டையைப் பின்னால் கைவிட்டுத் தேடினார். முதலில் அகப்படவில்லை. மடங்கிய விரல் அதைப் பிடித்தும் நழுவவிட்டது. சத்தியசீலன் அம்மாவின் பக்கம் சாய்ந்தார். ஸ்டவுட் வாடை அடித்திருக்கவேண்டும், முகத்தை ஒருகணம் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு திரும்பி, பட்டையை இழுத்து, முறுக்கை நீவிவிட்டு, அம்மாவின் மடிக்குக் குறுக்கே கொண்டுவந்தார். மருதம்மாள், தையற்கடையில் அளவு கொடுக்கிறவரைப் போல, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.